பதிவேட்டில் ஒரு வரி



நம் சபையைச் சேர்ந்த இளம் சகோதரி ஒருவர் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பிரிவில் பணிபுரிகிறார். சில வாரங்களுக்கு முன், ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, வெஸ்ட்ரி வாசலில் காத்திருந்து தமக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். என்ன பாரம் என்று விசாரித்தேன். "வேலை கடினமானதல்ல, ஐயா. விண்ணப்பம் வரும். விவரங்களைக் கணினியில் பதிவேன். கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்று அதுவே சொல்லிவிடும். அதன் கீழே நான் கையெழுத்திடுவேன். தீர்மானம் அதனுடையது, கையெழுத்து என்னுடையது. அப்படியானால் நான் அங்கே எதற்காக உட்கார்ந்திருக்கிறேன்?" என்றார்.

தம் மனதை வருத்திய விண்ணப்பம் ஒன்றைப் பற்றியும் சொன்னார். பெயரையோ ஊரையோ அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கணவரை இழந்த ஒரு தாய், இரண்டு தையல் இயந்திரங்கள் வாங்குவதற்குக் கடன் கேட்டிருக்கிறார். அவர் இதுவரை எந்த வங்கியிலும் கடன் வாங்கியதில்லை. கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தியவர்களுக்கே கடன் மதிப்பெண் உண்டு. நம் நாட்டில் அது 300 முதல் 900 வரை கணக்கிடப்படுகிறது. வாங்காதவருக்கு மதிப்பெண்ணே கிடையாது. மளிகைக் கடையில்கூடப் பாக்கி வைக்காமல் பிள்ளைகளை வளர்த்த அந்தத் தாயைப் பற்றிக் கணினிக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாதவரை அது மறுக்கப்பட்டவர்களின் வரிசையில் சேர்த்துவிட்டது.

ஜெபித்து அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல என்று பிறகு தோன்றியது. நம் சபையில் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் இருக்கிறவர்கள் உண்டு. மாணவரின் வருகையையும் மதிப்பெண்ணையும் நாள்தோறும் கைப்பேசியில் ஏற்றுகிற ஆசிரியர்கள் உண்டு. ரேஷன் கடையில் முதியவரின் தேய்ந்த விரல் ரேகை பதியாமல் போகும்போது, அவருடைய முகத்தையும் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறவர் ஒருவரும் உண்டு. இவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தாம்.

எண்ணிக்கையைப் பற்றிப் பிரசங்க பீடத்திலிருந்து பேசுகிற நாங்கள் பெரும்பாலும் அதைக் குறைகூறியே பேசுகிறோம். மனுஷன் எண்ணல்ல, ஆத்துமா என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் வேதாகமத்தின் நான்காம் புத்தகத்துக்கே எண்ணாகமம் என்றுதான் பெயர். சீனாய் வனாந்தரத்தில் கோத்திரம் கோத்திரமாகப் பேரெழுதி எண்ணப்பட்டவர்களின் தொகை 6,03,550 என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே எண்ணுவது தன்னிலே பாவமானால் அந்தப் புத்தகம் நமக்குக் கொடுக்கப்பட்டிருக்காது.

தாவீது எடுத்த கணக்கோ வேறு விதமானது. யோவாப் தடுத்துச் சொல்லியும் ராஜாவின் வார்த்தை பலத்தது. 9 மாதமும் 20 நாளும் தேசமெங்கும் சுற்றி எண்ணினார்கள். சாமுவேலின் இரண்டாம் புத்தகம் இஸ்ரவேலில் 8,00,000 பேர், யூதாவில் 5,00,000 பேர் என்கிறது. நாளாகமத்தின் முதற்புத்தகம் 11,00,000 என்றும் 4,70,000 என்றும் சொல்லுகிறது. இந்த வித்தியாசத்தைப் பற்றி வியாக்கியானக்காரர் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. என்னை நிறுத்துவது நாளாகமத்தில் வருகிற வேறொரு சிறு செய்தி. ராஜாவின் கட்டளை யோவாபுக்கு அருவருப்பாயிருந்தபடியால், லேவியையும் பென்யமீனையும் அவன் எண்ணவே இல்லை. எண்ணப் போனவனுக்கு மனதில்லை. ஆகையால் இரண்டு கோத்திரங்கள் கணக்கில் வரவில்லை. ராஜாவின் கையில் கொடுக்கப்பட்டதோ ஒரு மொத்தத் தொகை. மொத்தத் தொகையைப் பார்க்கிற எவருக்கும், அதில் யார் இல்லை என்பது தானாகத் தெரிவதில்லை.

கணக்கெடுப்பதும் வீடு சந்திப்பதும் ஒரே மனிதரிடத்தில் கூடி வந்த ஒரு வரலாறு உண்டு. இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் நூலகத்தில் தற்செயலாக அதை வாசித்தேன். அந்தச் சகோதரியின் கேள்விக்குப் பிறகு அது மீண்டும் நினைவுக்கு வந்தது. இந்த வாரம் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1854ஆம் ஆண்டு, ஆகஸ்டு 31ஆம் தேதி இரவு. லண்டன் மாநகரில் சோகோ என்னும் நெருக்கமான பகுதியில் காலரா வெடித்தது. ஒவ்வொரு வீட்டிலும் பல குடும்பங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம். மூன்று நாட்களுக்குள் பிராட் தெருவிலும் அதைச் சுற்றிலும் 127 பேர் மரித்தார்கள். அடங்குவதற்குள் 600க்கும் அதிகமானவர்கள் மாண்டுபோனார்கள். கால் கூலிக்குத் தையல் வேலை செய்தவர்கள், சிறு கடைக்காரர்கள், கைத்தொழிலாளர்கள் எனப் பெரும்பாலும் ஏழைகள். ஓடிப்போகக்கூடியவர்கள் ஓடிப்போனார்கள்.

அக்கம்பக்கத்தில் வசித்த ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் அங்கே வந்தார். அதற்கு முந்தின ஆண்டு விக்டோரியா மகாராணியின் பிரசவத்தில் குளோரோபார்ம் கொடுத்தவர் அவர். காலரா கெட்ட காற்றினால் பரவுகிறது என்று மருத்துவ உலகம் ஏறக்குறைய முழுவதும் நம்பிய காலத்தில், அது குடிநீரால் பரவுகிறது என்று 1849ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். சோகோவின் நோய் செய்தி கேட்டவுடன் பிராட் தெருவின் அடிகுழாயின் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது. பிறப்பு இறப்புப் பதிவுத் துறையிடம் போய், முதல் வாரத்தில் மரித்தவர்களின் பட்டியலை வாங்கினார். அதில் 83 பேர். அவர்களுடைய விலாசங்களை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.

ஏறக்குறைய எல்லா மரணங்களும் அந்தக் குழாயைச் சுற்றியே நேர்ந்திருந்தன. 10 பேரின் வீடுகள் மட்டும் வேறு குழாய்களுக்கு அருகில் இருந்தன. பட்டியலை மாத்திரம் பார்க்கிறவர் அந்தப் பத்தையும் விதிவிலக்கு என்று ஒதுக்கியிருப்பார். ஸ்நோ அந்த வீடுகளின் கதவைத் தட்டினார். ஐந்து குடும்பத்தார், எங்கள் அருகில் உள்ள தண்ணீரைவிடப் பிராட் தெருத் தண்ணீரே எங்களுக்குப் பிடிக்கும், அங்கேயே ஆள் அனுப்புவோம் என்றார்கள். வேறு மூவர் அந்தக் குழாயின் அருகே பள்ளிக்குப் போன பிள்ளைகள்.

மறுபக்கத்தையும் அவர் பார்த்தார். அதே பகுதியில் இருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் தங்கியிருந்தார்கள். அவர்களில் 5 பேர் மாத்திரமே மரித்தார்கள். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த மதுபான ஆலையில் 70க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். ஒருவரும் காலராவால் மரிக்கவில்லை. ஆலையில் அவர்களுக்குப் பானம் இலவசம். தெருக் குழாய்க்கு அவர்கள் போவதே இல்லை. (மதுவிலக்கைப் பற்றி நம் சபையில் நான் பேசியவற்றை இதைக் காட்டி எவரும் மறுக்க வேண்டாம்.) மைல் கணக்கில் தூரமான ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு விதவைத் தாய் காலராவால் மரித்தார். அந்த ஊரில் வேறெவருக்கும் நோய் இல்லை. விசாரித்தபோது, அவர் முன்பு பிராட் தெருவில் வாழ்ந்தவர். அந்தத் தண்ணீரின் ருசிக்காக நாள்தோறும் வண்டியில் அதை வரவழைத்துக் குடித்தவர். அவரைப் பார்க்க வந்து அதைக் குடித்த உறவுப் பெண்ணும் தம் ஊருக்குத் திரும்பி மரித்தார்.

செப்டம்பர் 7ஆம் தேதி மாலை, அந்தச் சேகரத்தின் நிர்வாகக் குழுவினர் கூடியிருந்த இடத்துக்கு ஸ்நோ போய்த் தாம் கண்டதை எடுத்துச் சொன்னார். மறுநாள் அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அந்தக் குழுவினர் ஸ்நோ சொன்னதை நம்பவில்லை. அந்தத் தண்ணீர் தெளிவும் ருசியும் உள்ளது என்று பேர்பெற்றது. அந்நாளைய பெரிய மருத்துவர்களில் எவரும் அதைக் குற்றப்படுத்தவில்லை. அவர்கள் முன்னால் இருந்தது முழுமையடையாத ஒரு பட்டியலும் ஒரு மனிதருடைய விளக்கமும் மாத்திரமே. ஆனாலும் கைப்பிடியை எடுத்தார்கள். எடுத்தது தவறானால் மக்கள் சில நாள் அடுத்த தெருவுக்குப் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டியிருக்கும்; பிறகு கைப்பிடியைத் திரும்ப மாட்டிவிடலாம். எடுக்காதது தவறானால் திரும்பப் பெறுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. முழு நிச்சயம் வந்த பிறகே தீர்மானிப்போம் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தக் குழுவினரின் பெயர்களை ஒருவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. எனக்கோ அந்த வரலாற்றில் மிகவும் பிடித்தவர்கள் அவர்கள்தாம்.

அந்தத் தீர்மானம் உடனே வெற்றியாகத் தெரியவும் இல்லை. கைப்பிடி எடுக்கப்பட்ட நாளில் நோய் முன்னமே குறைந்துகொண்டிருந்தது. மக்களில் பெரும்பகுதியினர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். கைப்பிடியை எடுத்ததால்தான் நோய் நின்றது என்று தம்மால் உறுதியாய்ச் சொல்ல இயலாது என்று ஸ்நோவே ஒப்புக்கொண்டார்.

அதே வேளையில் அரசாங்கத்தின் சுகாதார வாரியமும் ஒரு விஞ்ஞானக் குழுவை அமைத்து விசாரித்தது. அவர்களிடம் தகவலுக்குக் குறைவே இல்லை. வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, ஈரப்பதம் என்று அட்டவணை அட்டவணையாக அளந்து எழுதினார்கள். காற்றே காரணம் என்று முன்னமே நம்பியிருந்ததால் காற்றைப் பற்றிய எல்லாவற்றையும் அளந்தார்கள். முடிவில் ஸ்நோவின் விளக்கத்தை ஏற்க ஆதாரமில்லை என்று எழுதினார்கள். பக்கங்களின் எண்ணிக்கையால் பார்த்தால் அவர்கள் கையில் இருந்தது ஸ்நோவிடம் இருந்ததைவிட மிக அதிகம்.

இப்போது வரலாற்றின் இரண்டாம் மனிதருக்கு வருகிறேன். ஹென்றி ஒயிட்ஹெட், அந்தப் பகுதியின் பரிசுத்த லூக்கா ஆலயத்தில் உதவிக் குருவானவர். வயது 28. கொள்ளைநோயின் நாட்களில் காலை முதல் இரவுவரை வீடு வீடாகப் போய், மரிக்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். எந்த அறையில் யார் இருக்கிறார், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது அவருக்குத் தெரியும். ஸ்நோவின் விளக்கத்தைக் கேட்டபோது அவர் அதை நம்பவில்லை. நம்பாததற்கு நல்ல காரணமும் இருந்தது. அந்தக் குழாயின் தண்ணீரை ஏராளமாகக் குடித்தும் பிழைத்து எழுந்தவர்களை அவர் தம் கண்களால் கண்டிருந்தார். சரியாக விசாரித்தால் இது பொய்யென்று வெளிப்படும் என்று எண்ணி, சேகரம் அமைத்த விசாரணைக் குழுவில் சேர்ந்து, பிராட் தெருவில் தாமே விசாரிக்கத் தொடங்கினார்.

பிரியமானவர்களே, மக்களை நெருங்கி அறிந்திருந்தும் அவர் தப்பான முடிவில் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். அறிந்திருந்ததினாலேயே என்றும் சொல்லலாம். தாம் அறிந்த இருபது முப்பது முகங்களை வைத்து முழுத் தெருவையும் அளந்தார். போதகர்களாகிய எங்களுக்கு இது மிக எளிதில் வருகிற காரியம். என் சபையை நான் அறிவேன் என்று சொல்லும்போது, பெரும்பாலும் முன் வரிசைகளில் உட்காருகிறவர்களையே நினைத்துச் சொல்லுகிறோம்.

பல மாதங்கள் அவர் அந்தத் தெருவில் நடந்தார். சில வீடுகளுக்கு நான்கு, ஐந்து முறை போனார். ஸ்நோவின் கையில் இருந்தது மரித்தவர்களின் பட்டியல். இவரோ நோய்ப்படாதவர்களிடத்திலும் போய், நீங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தீர்களா என்று கேட்டார். பட்டியலில் வராதவர்களை எண்ணாமல் பட்டியலின் பொருள் விளங்காது என்பதை, எந்தப் பயிற்சியும் இல்லாமல், வீடு சந்திக்கும் பழக்கத்தினாலேயே அவர் உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று அவர் உறுதிசெய்த 137 பேரில் 80 பேருக்கு நோய் வந்திருந்தது. குடிக்காத 297 பேரில் 20 பேருக்கு மாத்திரமே வந்திருந்தது. குடித்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அவர் கண்டது பொய்யல்ல. ஆனால் எல்லாரையும் எண்ணியபோது அவருடைய கருத்து நிற்கவில்லை.

அவர் கண்ட இன்னொரு காரியம் என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. தனியாக வாழ்ந்த முதியவர்களில் பலர் தப்பியிருந்தார்கள். பெலவீனர்தாம் முதலில் விழுவார்கள் என்றல்லவா எவரும் நினைப்போம்? காரணம் இதுதான்: அவர்களுக்காகக் குழாய்க்குப் போய்த் தண்ணீர் எடுத்துவரப் பிள்ளைகள் இல்லை. இதை எந்தப் பதிவேடும் சொல்லியிருக்காது. யார் வீட்டில் தண்ணீர் எடுப்பது யார் என்பதை அறிந்த ஒருவர்தான் சொல்ல முடியும்.

விசாரணை முடிவை நெருங்கியபோது, வேறு எதையோ தேடி மரணப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அவருடைய கண் ஒரு வரியில் நின்றது. பிராட் தெரு, 40ஆம் எண் வீடு. ஐந்து மாதப் பெண் குழந்தை. செப்டம்பர் 2ஆம் தேதி மரணம். நான்கு நாட்களுக்கு முன் தொடங்கிய பேதியால் சோர்ந்துபோய் இறந்தது. காலரா என்று அங்கே எழுதப்படவில்லை. பச்சைக் குழந்தைகள் பேதியால் மரிப்பது அந்நாட்களில் சாதாரணம்; ஆகையால் அந்த வரியைக் கடந்துபோகாதவர் எவரும் இல்லை. அவரோ தேதியைக் கணக்கிட்டார். அந்தக் குழந்தை நோய்ப்பட்டது, தெருவில் கொள்ளைநோய் வெடிப்பதற்கு முன்பு. 40ஆம் எண் வீடோ அந்தக் குழாயின் முன்னாலேயே இருந்தது.

அன்றே அந்தத் தாயிடம் போனார். அவர் பேசத் தயங்கவில்லை. குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை, வீட்டின் முன்புறம் இருந்த கழிவுக் குழியில் கொட்டியதாகச் சொன்னார். தோண்டிப் பார்த்தார்கள். குழியின் செங்கற்கள் உதிர்ந்திருந்தன. அதற்கும் கிணற்றுக்கும் இடையே 3 அடிகூட இல்லை. இடையில் இருந்த மண் ஊறிப்போயிருந்தது.

இன்னும் ஒன்று வெளிவந்தது. அந்தக் குழந்தையின் தகப்பனார் காவலர். அவருக்கும் காலரா வந்து, செப்டம்பர் 19ஆம் தேதி மரித்தார். அவர் நோய்ப்பட்ட நாள் செப்டம்பர் 8, அதாவது கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். கைப்பிடி அங்கேயே இருந்திருந்தால், அவருடைய நோயும் அதே குழி வழியாக அதே கிணற்றுக்குள் இறங்கியிருக்கும். சோகோவுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள் அதைக் குடித்திருப்பார்கள். நம்பிக்கையில்லாமல் எடுக்கப்பட்ட அந்தத் தீர்மானம் எதைத் தடுத்தது என்பது, எடுத்தவர்களுக்கே பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஸ்நோ 1858ஆம் ஆண்டு, 45 வயதில், தம் கருத்து பொதுவாக ஏற்கப்படுவதற்கு முன்பே மரித்தார். ஒயிட்ஹெட் 1896 வரை வாழ்ந்தார். தாம் பொய்யென்று நிரூபிக்கப் புறப்பட்ட அந்த மருத்துவருடைய படத்தைத் தம் படிப்பறையில் கடைசிவரை மாட்டி வைத்திருந்தார்.

அந்தச் சகோதரி சென்ற வாரம் மீண்டும் வந்தபோது இந்த வரலாற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர் குருவானவர், ஐயா. ஒரு வீட்டுக்கு ஐந்து முறை போகலாம். எனக்கு ஒரு நாளைக்கு இத்தனை விண்ணப்பம் என்று இலக்கு இருக்கிறது" என்றார். நியாயமான பதில். அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தினக்கூலியின் நெருக்கடியை அறியாமல் தியாகத்தைப் போதிப்பது போதகர்களுக்கு எளிது.

அந்தக் கணினியை முழுவதும் குற்றப்படுத்தவும் என்னால் இயலவில்லை. முற்காலத்தில் கடன் பெற ஊரில் பெரியவர் ஒருவரின் சிபாரிசு வேண்டும். சபை மக்களுக்காக நானும் எத்தனையோ சிபாரிசுக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். அவை யாருக்கு எளிதில் கிடைத்தன, யார் கேட்கவே கூச்சப்பட்டார்கள் என்பதை அறிவேன். சாதியையும் தெருவையும் பார்த்துக் கதவடைத்த மேலாளர்களைப் பற்றி நம் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணினி அப்படி முகம் பார்ப்பதில்லை. தவணை தவறாமல் கட்டிய ஒரு கூலித் தொழிலாளிக்கு, யாருடைய தயவும் இல்லாமல் அது கதவைத் திறந்துவிடுவதும் உண்டு. முகத்தாட்சிணியம் செய்யாத ஒன்றை நாம் அவமதிக்க வேண்டாம்.

ஆனால் மதிப்பெண் குறைவு என்பது ஒரு செய்தி. மதிப்பெண் இல்லை என்பது வேறொரு செய்தி. முதலாவது அந்த மனிதரைப் பற்றியது. இரண்டாவது பதிவேட்டைப் பற்றியது. இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பது கணினிக்கு முடிந்தது. மேசையின் முன்னால் அந்தத் தாயைக் கண்ட ஒருவருக்கு அது முடியக் கூடாது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்காகவும் ஐந்து முறை நடக்க வேண்டாம் என்று சகோதரியிடம் சொன்னேன். பதிவேட்டில் ஒயிட்ஹெட் நின்றது ஒரே ஒரு வரியில்தான். மற்ற வரிகளை அவரும் கடந்துதான் போனார்.

விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறதாம். பெரும்பாலும் எவரும் அதில் எழுதுவதில்லை. எழுதினால் விண்ணப்பம் மேலதிகாரிக்குப் போகும். ஏன் என்று கேள்வி வரும். அன்றைய இலக்கில் ஒன்று குறையும். சகோதரி அந்தத் தாயின் இரண்டு ஆண்டு வாடகை ரசீதுகளையும், தையல் வேலை கொடுக்கும் கடையின் கணக்கையும் வாங்கி, அந்தக் கட்டத்தில் நான்கு வரி எழுதி அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. மறுக்கப்படவும் கூடும். அதற்காக நீங்களும் ஜெபியுங்கள்.

இனி நம் சபையின் காரியம். பழைய குடும்பப் பதிவேடுகள் நான்கையும் நம் வாலிபர்கள் கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து கணினியில் ஏற்றி முடித்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்குச் சபை நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. கரையான் அரித்த பக்கங்களைப் படித்து எழுதுவது எளிய வேலையல்ல. ஏற்றிய பிறகு ஒரு பட்டியல் கிடைத்தது: இரண்டு ஆண்டுகளாகச் சங்கக் காணிக்கை செலுத்தாமலும், திருவிருந்தில் பங்குபெற்றதாகப் பதிவு இல்லாமலும் இருக்கிற 43 குடும்பங்கள். தேர்தல் நெருங்குவதால் இந்தப் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. "பட்டியலில் பிழை இல்லை, ஐயா, மூன்று முறை சரிபார்த்துவிட்டோம்" என்றார் ஒரு மூப்பர். பிழை இல்லை என்பதை நானும் ஏற்றுக்கொண்டேன். ஒரு பெயரை எடுத்தால் அந்தக் குடும்பத்தின் அடுத்த கல்லறை அடக்கம்வரை அதன் காயம் ஆறாது. ஒரு மாதம் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை போய் வந்த பிறகு தீர்மானிப்போம் என்று கேட்டேன். கமிட்டியார் சம்மதித்தார்கள், எல்லாரும் மனதாரச் சம்மதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதுவரை 11 வீடுகளுக்குப் போயிருக்கிறோம். இரண்டு குடும்பங்கள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டன. கிறிஸ்துமசுக்கு வரும்போது ரசீது வாங்காமல் காணிக்கைப் பையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு வீட்டார் வேறு சபையோடு ஐக்கியமாகிவிட்டதை மரியாதையாகச் சொல்லி, தங்கள் பெயரை எடுத்துவிடும்படி தாங்களே கேட்டுக்கொண்டார்கள். அங்கே பட்டியல் சொன்னது சரியே. ஒரு வீடு பூட்டியிருந்தது. மகனை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள், மறுநாள் அங்கே போனோம். ஒரு வீட்டில், நடக்க இயலாத ஒரு பாட்டியம்மா. மாதந்தோறும் வீட்டுக்கு வந்து காணிக்கை வாங்கியவர் வேறு ஊருக்குக் குடிபோன பிறகு ஒருவரும் வரவில்லையாம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாதம் தவறாமல் போட்டு வைத்திருந்தார். பாட்டிலைத் திறந்து, எண்ணிக்கொள்ளுங்கள் என்று என்னோடு வந்த தம்பியின் கையில் கொடுத்தார். பட்டியலைத் தட்டச்சு செய்தவர்களில் அவரும் ஒருவர். எண்ணினார். 24 மாதக் கணக்கும் சரியாக இருந்தது.

அந்தத் தம்பி இப்போது அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் அதில் எழுதிக்கொண்டு வருகிறார். அந்தக் கட்டத்துக்கு என்ன தலைப்புக் கொடுக்கலாம் என்று கேட்டார். இன்னும் வைக்கவில்லை.

மீதி 32 வீடுகள் இருக்கின்றன. செவ்வாய் மாலை கீழத்தெருவுக்கும், வியாழன் மாலை ரயில்வே லயனுக்கும் ஐந்தரை மணிக்கு மேல் வருகிறோம். சனிக்கிழமை காலையில் புதுக்குடியிருப்பு. உடன் வர மனமுள்ளவர்கள் ஆலய வாசலுக்கு ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள். எல்லா வீட்டிலும் காபி குடிக்க எங்களால் இயலாது. தண்ணீர் கொடுத்தால் போதும்.